மிக்ஸி மொத தபா நின்னு போற அன்னைக்குதான் சார் எல்லாம் முடிவாவுது

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு பொருள் பொறந்ததுல இருந்து குப்பைக்குப் போற வரைக்கும்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, வட்டமா ஒரு படம், மூலப்பொருள், தயாரிப்பு, போக்குவரத்து, பயன்பாடு, கழிவுன்னு அஞ்சு கட்டம், இதுல எது ரொம்ப முக்கியம்னு வாசகர்கள் எழுதுங்கன்னு கீழ கேட்டிருந்தீங்க. நான் பழைய வண்ணாரப்பேட்டைல 26 வருஷமா காயில் கட்டுறவன், அதாவது மோட்டாருக்குள்ள எரிஞ்சு போன கம்பிச் சுருள புதுசா சுத்தித் தர்றவன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், தண்ணி மோட்டார் எது வந்தாலும் பாப்பேன். எழுதிப் பழக்கம் இல்ல, தப்பு இருந்தா நீங்களே திருத்திக்குங்க, ஆனா விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

என் பொண்ணு பி.காம் படிக்குது, அது உங்க படத்தப் பாத்துட்டு எங்க புக்குல வேற மாதிரி இருக்கே அப்பான்னு கொண்டாந்து காட்டுச்சு. அதுல நாலே நாலு கட்டம், அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு. மலை மாதிரி ஒரு கோடு ஏறி எறங்குது. நல்லாப் பாத்தா அந்தக் கோட்டுல பொருளே இல்ல சார், விற்பனை மட்டும்தான் இருக்கு, கம்பெனி விக்கிறத நிறுத்தினா பொருள் செத்துருச்சுன்னு அர்த்தமாம். என் கடைக்கு வர்ற மிக்ஸில பாதி, கம்பெனிக்காரன் அந்த மாடல நிறுத்தி பதினஞ்சு இருபது வருஷம் ஆனது. அதுங்களுக்கு தாங்க செத்தது இன்னும் தெரியல, தெனம் காலைல தேங்கா சட்னி அரைச்சுக்கினு இருக்குதுங்க.

சரி உங்க கேள்விக்கு வர்றேன். உங்க அஞ்சு கட்டத்துலயும் இல்லாத ஒரு நாள் இருக்கு. பயன்பாட்டுக்கும் கழிவுக்கும் நடுவுல, பொருள் மொத தபா நின்னு போற நாள். என்ன கேட்டா அதுதான் முக்கியம்.

ரெண்டு மாசம் முன்னாடி காசிமேட்ல மீன் விக்கிற ஒரு அக்கா அன்னக்கூடைல மிக்ஸிய வச்சு எடுத்துனு வந்துச்சு. "தம்பி இத்த பாரு, நேத்து நைட்டு கொழம்புக்கு மசாலா அரைக்க சொல்லோ டப்புனு நின்னுகிச்சு, புதுசு வாங்கிக்கலாம்மான்னு பையன் சொல்றான், பழசக் குடுத்தா எக்ஸ்சேஞ்சுல 500 ரூவா கொறைப்பானாம், இன்னா சொல்ற?" ன்னுச்சு. நான் மிக்ஸியக் கவுத்தேன். அடியில ஓரமா சின்னதா ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அது வெளிய துருத்திக்கினு இருந்துச்சு. கட்டை விரலால அமுக்கினேன், டக்குனு உள்ள போச்சு. பிளக்கு சொருகினேன், ஓடுது. அவ்ளோதான். அந்த அக்கா மொதல்ல சிரிச்சுச்சு, அப்புறம் பையனத் திட்டுச்சு, அப்புறம் என்னத் திட்டுச்சு, இத்தினி வருஷமா ஏன் யாரும் எனக்கு இத்த சொல்லலன்னு. காசு வேணாம்னு சொல்லிட்டேன், மறுநாள் வீட்டுக்கு ஒரு கூறு சங்கரா மீன் வந்துருச்சு.

அந்த சிவப்பு பட்டன் ஓவர்லோடு ஸ்விட்ச் சார். மசாலாவ கெட்டியாப் போட்டு தண்ணி விடாம ஓட்டினா பிளேடு சுத்த முடியாம திணறும், மோட்டார் கரண்ட்ட அதிகமா இழுக்கும், சூடாவும், காயில் எரிஞ்சுடக் கூடாதுன்னு அந்த ஸ்விட்ச் தானா கட் பண்ணிடும். அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு அமுக்கினா போதும். அதாவது மிக்ஸி தன்னக் காப்பாத்திக்கிச்சு, அதப் போய் நாம செத்துருச்சுன்னு நெனைக்கிறோம். வியாசர்பாடி பக்கம் ஒரு காயலான் கடைல எடைக்கு வந்த மிக்ஸிங்கள பொழுதுபோகாம ஒருநாள் ஒவ்வொண்ணா கவுத்துப் பாத்தேன், ரெண்டு மிக்ஸிக்கு பட்டன் வெளிய துருத்திக்கினு இருந்துச்சு, வேற ஒரு கோளாறும் இல்ல. எடை போட்டு வாங்கியாந்தேன். ஒண்ணு என் மச்சான் வீட்டுல, ஒண்ணு எங்க வீட்டுல ஓடுது, என் சம்சாரம் புதுசுன்னு பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கு, இது பேப்பர்ல வந்தா நான் மாட்டுவேன்.

ஏன் அந்த ஒரு நாள முக்கியம்னு சொல்றேன்னா, ஒரு பொருள செய்ய ஆன காப்பர், இரும்பு, பிளாஸ்டிக், ஃபேக்டரி கரண்ட், கப்பல், லாரி எல்லாம் நாம கடைல பில்லு போடும்போதே செலவாகி முடிஞ்சது. அத யாரும் திருப்பி எடுக்க முடியாது. அந்த மொத்தத்த எத்தன வருஷத்தால வகுக்கிறோம்ங்கறதுதான் நம்ம கைல பாக்கி. மூணு வருஷத்தால வகுத்தா ஒரு கணக்கு, பதினெட்டு வருஷத்தால வகுத்தா ஆறுல ஒரு பங்கு. மூணா பதினெட்டான்னு முடிவாவறது ஃபேக்டரில இல்ல, மொத தபா நிக்கிற அன்னைக்கு எங்கள மாதிரி கடை வாசல்லதான்.

ரிப்பேர்காரன் ரிப்பேர்தான் பெருசுன்னு சொல்லாம வேற இன்னா சொல்வான்னு நீங்க நெனைக்கலாம், நியாயம்தான். அதனால எனக்கே எதிரா ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க.

750 வாட்ஸ் மிக்ஸி, ஒரு நாளைக்கு கால் மணி நேரம்னு வச்சுக்குங்க, வருஷத்துக்கு 68 யூனிட்டு. அதுவும் ஃபுல் லோடுல ஓடினா. பழைய சீலிங் ஃபேன் வெறும் 75 வாட்ஸ்தான், பாத்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா நம்ம ஊர் வேக்காட்டுல அது 16 மணி நேரம் சுத்துது, வருஷத்துக்கு 438 யூனிட்டு. மிக்ஸி மாதிரி ஆறு பங்குக்கு மேல! ரெண்டு மாசத்துக்கு 73 யூனிட்ட ஒரே ஒரு ஃபேன் முழுங்கிடுது. இப்ப பிஎல்டிசின்னு கார்பன் பிரஷ் இல்லாத, போர்டு வச்சு ஓடுற மோட்டார் போட்டு வர்ற ஃபேன் 30 வாட்ஸ்ல அதே காத்து குடுக்குது, அது ரெண்டு மாசத்துக்கு 29 யூனிட்டுதான். அதனால பழைய சீலிங் ஃபேன் காயில் எரிஞ்சு வந்துச்சுன்னா நான் கட்டித் தர்றதுக்கு முன்னாடி சொல்லிடுவேன், அம்மா இது ராத்திரி பகல் ஓடுற ஃபேன்னா கட்டாதீங்க, புதுசு போடுங்க, எப்பவாவது விருந்தாளி வந்தா போடுற ரூம்னா கட்டித் தர்றேன்னு. இதுல எனக்கு நஷ்டம்தான், என் பக்கத்துக் கடைக்காரன் என்னப் பைத்தியம்ங்கறான்.

ஆக ஃபேனுக்கு, ஃப்ரிட்ஜுக்கு, ஏசிக்கு பயன்பாட்டுக் கட்டம்தான் கனம். மிக்ஸிக்கு அப்படி இல்ல. செல்போனுக்கு சுத்தமா உல்டா, ஆப்பிள் கம்பெனியே தன்னோட போனுக்குப் போடுற கணக்குல கார்பன்ல சுமார் 80 சதவீதம் செய்யும்போதே ஆயிடுது, நாம சார்ஜ் போடுற கரண்ட் அதுல கொஞ்சமோ கொஞ்சம். எங்க எம்.சி. ரோட்ல மலை மாதிரி குவிச்சு விக்கிற ஜீன்ஸ எடுத்துக்கங்க, லீவைஸ் கம்பெனி 2015-ல போட்ட கணக்குப்படி ஒரு ஜீன்ஸுக்கு மொத்தம் 3,781 லிட்டர் தண்ணி, அதுல 68 சதவீதம் பருத்தி விளைய வைக்க, 23 சதவீதம் நாம வீட்டுல தோய்க்கிறதுக்கு. மஞ்சப்பை கதை இன்னும் தமாஷு. டென்மார்க்ல 2018-ல அரசாங்கத்துக்கு ஒரு ஆய்வு பண்ணாங்க, சாதா பருத்திப் பைய கார்பன் கணக்குல மட்டும் பாத்தா 52 தடவ தூக்கினா பிளாஸ்டிக் கவருக்கு ஈடாயிடும், எல்லா சுற்றுச்சூழல் கணக்கையும் சேத்துப் பாத்தா 7,100 தடவையாம். வாரத்துக்கு ஒருக்கா கடைக்குப் போனா 136 வருஷம். ஆனா அதுல ரோட்டோரத்துல கெடக்குற கவரு, கவர முழுங்கி வயிறு உப்பின மாடு, மழையில அடைச்சுக்கிற கால்வாய் இதெல்லாம் கணக்குல இல்ல. வண்ணாரப்பேட்டைல மழைக்கு முட்டி அளவு தண்ணில நின்னவனக் கேட்டா எந்தக் கணக்கு முக்கியம்னு சொல்வான். ஒரே பொருளுக்கே எத எண்றோம்ங்கறதப் பொறுத்து பதில் மாறிடுது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பயன்பாட்டுக் கட்டம் பெருசுன்னு எழுதுறவங்க கரண்ட்டோட முடிச்சுடுறாங்க, எங்களுக்கு கரண்ட்டு பிளக்குல ஆரம்பிக்கல சார். அனல் மின் நிலையம் இருக்கற அத்திப்பட்டு, எண்ணூர் பக்கம் வந்து பாருங்க. நிலக்கரில ஒரு யூனிட் எடுக்க சுமார் 700 கிராம் கரி எரியுது, நம்ம நாட்டுக் கரில 30 சதவீதத்துக்கு மேல சாம்பல். பழைய ஃபேனுக்கும் புது ஃபேனுக்கும் வருஷத்துக்கு 263 யூனிட் வித்தியாசம், எல்லா கரண்ட்டும் நிலக்கரில வர்றதில்லதான், காத்தாலை சோலார் எல்லாம் இருக்கு, ஆனா கரில வந்ததுன்னு வச்சா அந்த 263 யூனிட்டுக்கு அம்பது கிலோவுக்கு மேல சாம்பல், ஒரு சிமெண்ட் மூட்டை எடை. தி.நகர்ல ஒருத்தர் வீட்டுல ஃபேன் சுத்துது, சாம்பல் எங்க கொசஸ்தலை ஆத்துல வந்து படியுது, எறா புடிக்கிறவன் முட்டிக்கால் வரைக்கும் அந்த சாம்பல்ல எறங்கறான்.

உங்க வட்டப் படத்த எடுத்து மெட்ராஸ் மேப்பு மேல வச்சுப் பாருங்க. பிளாஸ்டிக்குக்கு மூலமான எண்ணெய் காய்ச்சுறது மணலில, அங்க ரீஃபைனரி 1969-லயே வந்துருச்சு. சாமான் வந்து எறங்குற துறைமுகம் எங்க பக்கம். கரண்ட்டுக்கு கரி எரியறது எங்க பக்கம். முடிஞ்சதும் குப்பை வந்து விழறது கொடுங்கையூர், பாதி ஊரு குப்பை, அந்த ரோட்ல பஸ் போகும்போது ஜன்னல மூடுறது எங்க புள்ளைங்களுக்குப் பழகிப் போச்சு. அங்க குப்பைய எரிக்கிற எரிஉலை வேற வரப்போவுதுன்னு சொல்லி 2025-ல ஜனங்க மனிதச் சங்கிலி நின்னாங்க. அஞ்சு கட்டத்துல நாலு எங்க ஏரியால, அந்தப் பயன்பாடு மட்டும் ஊரு முழுக்க எல்லார் வீட்டுலயும். எந்தக் கட்டம் முக்கியம்னு எங்ககிட்ட கேட்டா எங்களுக்கு சிரிப்புதான் வரும், எல்லாக் கட்டத்தோட வாசமும் எங்க மூக்குக்குத் தெரியும்.

மறுபடியும் அந்த நாளுக்கு வர்றேன். புது ஃபேன் போடுங்கன்னு நானே சொல்றேன்னேன்ல, அதுலயும் ஒரு பேஜாரு இருக்கு. பழைய ஃபேன்ல நிக்கிறதுக்கு காரணம் பெரும்பாலும் கெப்பாசிட்டர், இல்ல பேரிங், நூறு இருநூறு ரூபால முடிஞ்சுடும். பிஎல்டிசி ஃபேன்ல மோட்டார் நல்லாவே இருக்கும், உள்ள இருக்கிற போர்டு போயிடும். எங்க ஏரியால கரண்ட் போய் வரும்போது ஒரு தூக்கு தூக்கும் பாருங்க, அதுக்கே சில போர்டு அவுட். திறந்தா போர்டு மேல கருப்பா பிசின் ஊத்தி மூடி வச்சிருக்கான். ஈரம் படாம இருக்கன்னு சொல்றாங்க, இருக்கலாம், ஆனா அந்தப் பிசின சொரண்டி எந்தப் பார்ட்ஸ் போச்சுன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள நாலு பார்ட்ஸ் கூட வந்துடும். போர்டு தனியாக் கெடைக்குமான்னு ஒரு கம்பெனி சர்வீஸ்ல கேட்டேன், அந்த மாடல் இப்ப இல்லண்ணான்னுட்டாங்க. அந்த ஃபேனுக்கு வயசு மூணு. கரண்ட் மிச்சம் புடிச்சதெல்லாம் அந்த ஒரு நாள்ல போச்சு, அலுமினியம், காந்தம், காப்பர் எல்லாம் எடைக்கு.

மிக்ஸிலயும் இதே கதைதான் இப்ப. முன்னாடி நாலு ரப்பர் காலப் புடுங்கினா அடியில நாலு ஸ்க்ரூ, கழட்டினா மோட்டார் கைக்கு வந்துடும். இப்ப சில மாடல்ல ஸ்க்ரூவே இல்ல, பிளாஸ்டிக் லாக்கு, நெம்பினா ஒடஞ்சிரும், ஒடஞ்சா மறுபடி மூடாது. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் தேஞ்சா நாப்பது ரூபா சமாச்சாரம், கார்பன் பிரஷ் தேஞ்சா அம்பது அறுவது. ஆனா உள்ள போக வழி இல்லேன்னா அந்த நாப்பது ரூபாக்காக மூவாயிரம் ரூபா பொருள் காயலான் கடைக்குப் போவுது. காயிலும் காப்பர்ல இருந்து அலுமினியத்துக்கு மாறிடுச்சு நெறைய எடத்துல, அலுமினியம் கம்பி அறுந்தா சால்டர் புடிக்காது, முழுசா கட்டணும், கட்ற கூலி கேட்டா கஸ்டமர் நடையக் கட்டிருவாரு. அதனாலதான் சொல்றேன், அந்த ஒரு நாள் எப்படிப் போவும்ங்கறத படம் வரையிற எஞ்சினியர் பாதி எழுதி வச்சுட்டுதான் அனுப்புறான். ஸ்க்ரூவா லாக்கா, தனி பார்ட்ஸா முழு செட்டா. மீதி பாதி ஸ்பேர் கெடைக்கறதுல இருக்கு.

ஸ்பேருக்கு ஒரு உதாரணம் சொல்லணும்னா 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விலையில்லா மிக்ஸி கிரைண்டர் ஃபேன் திட்டம். அரசியல் பேசல, எனக்கு எந்தக் கட்சியும் இல்ல. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு அதே கிரைண்டர், அதே ஃபேன். அதுல எங்களுக்குக் கெடைச்சது இன்னான்னா, ஒரே மாடல் இவ்ளோ பேர்கிட்ட இருந்ததால பாரிமுனை மொத்தக் கடைல அதுக்கான பார்ட்ஸ் டஜன் கணக்குல, சல்லிசா வந்துருச்சு. பெல்ட்டு போச்சா, புஷ் போச்சா, பத்து நிமிஷ வேலை. ரெண்டு வீட்டுல ஒடஞ்சத வச்சு ஒரு வீட்டுக்கு ஓட விட்டதும் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல ஓடின கிரைண்டருங்க இன்னும் கடைக்கு வருது. அதே காலத்துல நல்ல விலை குடுத்து ஷோரூம்ல வாங்கின சில சாமானுக்கு பார்ட்ஸ் தேடி நான் ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் அலைஞ்சிருக்கேன்.

கடைசிக் கட்டத்தையும் லேசா நெனைக்க வேணாம், ஒரே ஒரு விஷயம் சொல்றேன். ஏசிய காயலான் கடைல ஒடைக்கிறத நீங்க பாத்திருக்க மாட்டீங்க. காப்பர் பைப்புக்காக கட்டர் போடுவாங்க, புஸ்ஸுனு ஒரு சத்தம், அரை நிமிஷம், முடிஞ்சது. அதுல குளிராக்குறதுக்கு ஆர் 410 ஏங்கற கேஸ் இருந்துச்சுன்னா ஒரு கிலோ கேஸு ரெண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம்னு ஏசி மெக்கானிக் தம்பி சொன்னான், நான் நம்பல, அவன் கோர்ஸ் புக்க காட்டினான், 2088-னு போட்டிருக்கு. உள்ள இருக்கற கேஸ மிஷின் வச்சு சிலிண்டர்ல இழுத்துட்டு அப்புறம் ஒடைக்கலாம், ஆனா இழுக்கற நேரத்துக்கு அந்தப் பையனுக்கு யாரும் கூலி குடுக்கறதில்ல, எடைக்குதான் காசு. ஒயர எரிச்சு காப்பர் எடுக்கறதும் அப்படித்தான். அந்தப் பசங்களக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.

2023 ஏப்ரல்ல இருந்து புது மின்கழிவு சட்டம் நடைமுறைல இருக்கு, 106 வகை சாமான், தயாரிக்கிறவன் இத்தன சதவீதம் ரீசைக்கிள் பண்ணியே ஆவணும்னு. நல்ல சட்டம்தான், வேணாம்னு சொல்லல. ஆனா சதவீதம் எல்லாம் எடையில எண்றாங்க. அந்த மீன் விக்கிற அக்காவோட மிக்ஸி ஒடஞ்சு மூணு கிலோ ரீசைக்கிள் ஆச்சுன்னா அது கணக்குல ஏறும், நான் பட்டன அமுக்கி அனுப்பினது எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறாது. பிரான்ஸ்ல 2021 ஜனவரில வாஷிங் மிஷின், டிவி, செல்போன் மேல எல்லாம் இத ரிப்பேர் பண்றது எவ்ளோ சுலபம்னு பத்துக்கு மார்க் போட்டு ஒட்டணும்னு சட்டம் கொண்டாந்தாங்க, கழட்ட முடியுமா, ஸ்பேர் கெடைக்குமா, ஸ்பேர் விலை இன்னா எல்லாம் பாத்துதான் மார்க்கு. இங்கயும் 2025-ல ஒரு கமிட்டி இதே மாதிரி மார்க் போடலாம்னு மத்திய அரசுக்கு ரிப்போர்ட் குடுத்திருக்கு. ஸ்டார் ஸ்டிக்கர் பாத்து வாங்க ஜனங்க பழகிட்டாங்க, அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்டிக்கருக்கு எடம் இருக்கு.

அது வர்ற வரைக்கும் உங்க பேப்பர் ஒண்ணு பண்ணலாம் சார். தீபாவளி, ஆடித் தள்ளுபடி வந்தா எந்த மிக்ஸி வாங்கலாம், எந்த ஃபேன் வாங்கலாம்னு நீங்க ஒரு பட்டியல் போடுவீங்க, விலை, வாட்ஸ், எத்தன ஜார், எத்தன வருஷ வாரண்டின்னு. அதுல கூட ரெண்டு கட்டம் போடுங்க. இந்த மாடலுக்கு ஸ்பேர் எத்தன வருஷத்துக்குத் தருவீங்கன்னு கம்பெனியக் கேட்டு ஒண்ணு, அடியில ஸ்க்ரூ இருக்கா இல்லியான்னு ஒண்ணு. கம்பெனிக்காரங்க பதில் சொல்லலன்னா கட்டத்தக் காலியா வுட்ருங்க, காலியா இருக்கறதப் பாத்தே எங்க ஏரியா ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. ஸ்க்ரூ இருக்கான்னு பாக்க ஆள் வேணும்னா சாமான கடைக்கு அனுப்புங்க, நான் கவுத்துப் பாத்து சொல்றேன், காசு வேணாம்.

இப்படிக்கு,
காயில் கட்டுறவன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை